முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கவனிப்பு சரியாக இருக்கிறதா? சென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் 'நர்சிங் ஹோம்' என்று போர்டு இருந்தால் அது பெரும்பாலும் பிரசவமும் ஆபரேஷனும் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி. இங்கே பேசப்போவது அதைப் பற்றி அல்ல. பக்கவாதம், மறதி நோய், இடுப்பு எலும்பு முறிவு என்று ஏதோ ஒன்றால் பிறர் உதவியில்லாமல் எழ முடியாமல் போன பெரியவர்களை, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களைப் பற்றி. வளசரவாக்கம், மடிப்பாக்கம் பக்கம் தனி வீட்டை வாடகைக்கு எடுத்து 15, 20 கட்டில் போட்டு நடத்துகிறவர்களும் உண்டு. ஓஎம்ஆர் பக்கம் லிஃப்ட், தோட்டம், பிசியோ அறையோடு நடத்துகிறவர்களும் உண்டு. கட்டடத்தை வைத்து மட்டும் கவனிப்பை எடை போட முடியாது.

போய்ப் பார்க்கும்போது முதலில் எதைக் கேட்க வேண்டும்?

"ராத்திரி எத்தனை பேர் டியூட்டியில் இருக்கிறார்கள்?" இதுதான் முதல் கேள்வி. "மொத்தம் 12 ஸ்டாஃப் இருக்காங்க" என்று பதில் வந்தால் அது பதில் இல்லை. அதில் சமையல், வாட்ச்மேன், லீவில் ஊருக்குப் போனவர் எல்லாரும் அடக்கம். இரவு 10 மணிக்கு மேல், தூங்காமல், பெரியவர்களைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

கணக்கு இப்படி. தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை 4 முறை. அப்படி 10 பேர் இருந்தால் 40 முறை. திருப்பி, தலையணை வைத்து, டயாபர் பார்த்து மாற்ற ஒருவருக்கு 10 நிமிடம் என்றால் மொத்தம் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். அதுவும் இரண்டு பேர் சேர்ந்து பிடித்துச் செய்கிற வேலை. ஒருவர் தனியாக இழுத்தால் பெரியவரின் தோல் போர்வையில் உரசிக் கிழியும், இழுத்தவரின் இடுப்பும் போகும். ஆக, படுக்கையோடு இருக்கும் 10 பேருக்கு இரவில் 2 பேர் என்பதே இறுக்கிப்பிடித்த கணக்கு. ஒரே ஒரு ஆயாம்மா என்றால் புரட்டிப் படுக்க வைப்பது நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

பகலுக்கு எங்கள் அளவுகோல்: படுத்த படுக்கையாக இருக்கும் 4, 5 பேருக்கு ஒரு கேர்டேக்கர். நடமாடுகிறவர்கள் என்றால் 8 பேர் வரை ஒருவர் சமாளிக்கலாம்.

எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது?

அவர்கள் வரச் சொல்லும் 11 மணிக்குப் போங்கள், தப்பில்லை. எல்லாரும் குளித்து, பவுடர் போட்டு, ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்னொரு நாள் சொல்லாமல் இரவு 7.30 மணிக்கு மேல் போங்கள். டே ஷிஃப்ட் போய் நைட் ஷிஃப்ட் வரும் நேரம் அது. மூன்றாவது முறை ஞாயிற்றுக்கிழமை மதியம்.

இன்னொரு நல்ல நேரம், பொங்கலும் தீபாவளியும். ஊருக்குப் போன ஆட்களுக்குப் பதில் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். ஏஜென்சி பெயரும் ஆட்கள் எண்ணிக்கையும் உடனே சொல்பவர், யோசித்து வைத்திருக்கிறார். "அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்" என்பவர் யோசிக்கவில்லை.

வாசனையைக் கவனியுங்கள். அப்போதுதான் ஒருவர் மலம் கழித்திருந்தால் நாற்றம் வரத்தான் செய்யும், கால் மணி நேரத்தில் போய்விடும். மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஊறிப்போன பழைய மூத்திர நெடி வேறு. அதை ஃபினாயில் ஊற்றி மறைக்க முடியாது.

வெள்ளை கோட் போட்டவர்கள் எல்லாம் நர்ஸ்தானா?

இல்லை. நர்ஸ் படிப்புகள் இவை: ஜிஎன்எம் (டிப்ளமா) 3 ஆண்டு, பிஎஸ்சி நர்சிங் 4 ஆண்டு, ஏஎன்எம் (துணை நர்ஸ்) 2 ஆண்டு. இவர்கள் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள், பதிவு எண் இருக்கும். மூன்று மாதம், ஆறு மாதம் பயிற்சி எடுத்த கேர்டேக்கர்கள் தனி. நல்ல கேர்டேக்கர் தங்கத்துக்குச் சமம். ஆனால் இன்சுலின் அளவை மாற்றுவது, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) போடுவது, கதீட்டர் (மூத்திரக் குழாய்) மாற்றுவது அவர் வேலை அல்ல. "இன்சுலின் யார் போடுகிறார்கள்? அவர் வராத நாளில் யார்?" என்று கேளுங்கள். டாக்டர் வாரம் எத்தனை நாள் நேரில் வருகிறார், போனில் மட்டும் பேசுகிறவரா என்பதையும் கேளுங்கள்.

படுக்கைப்புண் வருகிறதா என்று நாங்களே எப்படிப் பார்ப்பது?

இதை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். எந்த அறிக்கையையும்விட உடம்பு உண்மையைச் சொல்லும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: முதுகின் அடியில் வால் எலும்புக்கு மேல், இரண்டு குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால் முட்டி, முழங்கையின் பின்புறம், பின்னந்தலை, காது மடல். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தால் அது காதுக்குப் பின்னால் உரசும் இடமும். போகிற ஒவ்வொரு முறையும் குதிகாலைப் பாருங்கள். சாக்ஸைக் கழற்றத் தயங்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது நர்ஸை அழைத்து, திரை போட்டு, முதுகுப் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் கட்டம் 'சிவந்திருக்கும்' என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, ஊதா கலந்தோ இருக்கும். தொட்டால் சூடாக இருக்கும், அல்லது கல்லாக இறுகியோ கொழகொழவென்றோ இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளுத்துத் திரும்பாமல் அப்படியே நிற்கும். இந்தக் கட்டத்தில் அந்த இடத்தில் எடை விழாமல் பார்த்துக்கொண்டால் சில நாளில் சரியாகிவிடும். இரண்டாம் கட்டத்தில் தோல் உரிந்திருக்கும் அல்லது கொப்புளம் இருக்கும். மூன்றில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு தெரியும். நான்கில் தசை, எலும்பு. மூன்றாம் கட்டத்தை முதல் தடவையாக நீங்கள்தான் பார்த்துச் சொல்கிறீர்கள் என்றால், பல நாளாக அங்கே யாரும் அவர் முதுகைப் பார்க்கவில்லை.

கருத்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்வதும், பவுடர் கொட்டுவதும், நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் ரிங் வைத்து உட்கார வைப்பதும் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. மூன்றுமே தவறு. மசாஜ், உள்ளே நைந்த திசுவை மேலும் கிழிக்கும். ரிங், சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கும். குதிகாலுக்குச் சரியான வழி, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து குதிகால் காற்றில் நிற்கும்படி விடுவது.

ஏர் பெட் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. ஏர் பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். தவிர, பல இடங்களில் அது வேலையே செய்வதில்லை. பம்ப் ஓடுகிறதா, மெத்தையின் காற்றறைகள் மாறி மாறி ஏறி இறங்குகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். பம்பில் எடைக்கு ஏற்பத் திருகும் குமிழ் இருக்கும். 45 கிலோ பாட்டிக்கு அதை உச்சத்தில் வைத்திருந்தால் பலகை மேல் படுத்த மாதிரிதான். உள்ளங்கையை மெத்தைக்கு அடியில், அவர் இடுப்புக்கு நேராக நுழைத்துப் பாருங்கள்: எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. ஓர் அங்குலமாவது காற்று இடையில் இருக்க வேண்டும். மேலே ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த பெட்ஷீட், அதன்மேல் அண்டர்பேட் (ஈரம் உறிஞ்சும் விரிப்பு) என்று அடுக்கினால் ஏர் பெட் வாங்கிய காசு வீண்.

ஒரு நாளைக்கு எத்தனை டயாபர்?

சாதாரணமாக 4 முதல் 5. "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று" என்று விதி வைத்திருக்கும் இல்லத்தில் உங்கள் அம்மா மணிக்கணக்கில் ஈரத்தில் படுத்திருப்பார். நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் கணக்கு எளிது: 10 எண்ணிக்கை உள்ள பாக்கெட் 2 நாள், மிஞ்சினால் இரண்டரை நாள் வரும். 5 நாள் வந்தால் சிக்கனம் என்று மகிழ வேண்டாம். அவர்கள் வாங்கி பில் போட்டால் நேர்மாறான சந்தேகம்: 9 டயாபர் என்று பில் வந்தால் வயிற்றுப்போக்கா அல்லது வேறு யாருக்கோ போகிறதா என்று கேளுங்கள்.

பாத்ரூம் போக முடிகிறவருக்கு வேலை மிச்சம் என்று டயாபர் கட்டிவிடுவது தனி அநியாயம். சில வாரங்களில் அவர் நடையையும் கட்டுப்பாட்டையும் சேர்த்தே இழப்பார்.

சாப்பாட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

மெனு கார்டை விடுங்கள். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, காலை டிபன் எத்தனை மணிக்கு? சமையல்காரர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதற்காக 6 மணிக்கே இட்லி கொடுத்து முடித்துவிட்டு, மறுநாள் 8.30க்கு டிபன் என்றால் நடுவில் பதினான்கரை மணி நேரம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, குழறி, நினைவு தப்பலாம். படுக்கும் முன் பாலோ கஞ்சியோ பிஸ்கட்டோ கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே போனால் என்ன செய்வீர்கள் என்று கேர்டேக்கரிடமே கேளுங்கள். நினைவோடு இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பரிசோதிப்பது சரியான பதில். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஊட்டிவிடும் வேளையில் ஒருமுறை அங்கே இருங்கள். பெரியவர் நேராக உட்கார்ந்திருக்கிறாரா, படுத்தபடியா? ஒரு வாய் முழுங்கிய பிறகு அடுத்த வாயா, திணிப்பா? பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர், ரசம், காபிதான் ஆபத்து; கெட்டியான தயிர்சாதம் இறங்கும், தண்ணீர் மூச்சுக்குழாயில் போகும். குடிக்கும்போது இருமல், குடித்தபின் குரல் கரகரப்பு, அடிக்கடி வரும் நெஞ்சுச் சளி மூன்றும் சேர்ந்தால் முழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கென ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறார்கள்.

எடை. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஒரே மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 50 கிலோ இருந்தவர் இரண்டரை கிலோ இறங்கினால், டாக்டர் பார்த்தாக வேண்டும். எழுந்து நிற்க முடியாதவர் என்றால் மேல்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்து குறித்து வைக்கலாம்; தையல்கடை டேப் போதும்.

தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? கேட்டால்தான் கொடுப்போம் என்றால், கேட்கத் தெரியாதவர் அக்னி நட்சத்திரத்தில் வறண்டு போவார். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு: டயாபர் நனையக் கூடாது என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைப்பது. அடர்மஞ்சள் மூத்திரம், காய்ந்த நாக்கு, திடீர்க் குழப்பம் இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு டாக்டரே அளவு சொல்லியிருப்பார், அது வேறு விஷயம்.

மூக்குக் குழாயும் மூத்திரப் பையும் இருந்தால்?

ரைல்ஸ் டியூபில் கொடுக்கும்போதும், கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, மெதுவாக. முன்னும் பின்னும் 30 மில்லியாவது தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். குழாயில் மூக்குக்கு நேரே பேனாவால் ஒரு கோடு போட்டிருப்பார்கள்; அந்தக் கோடு வெளியே நகர்ந்திருந்தால் குழாய் இடம் மாறிவிட்டது, ஊற்றக் கூடாது.

மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. வீல்சேரில் தள்ளிப் போகும்போது மடியில் வைத்துவிடுவார்கள். பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடும், இன்ஃபெக்ஷன் வரும். கதீட்டர் போட்ட தேதி பையிலோ சார்ட்டிலோ இருக்கிறதா என்று பாருங்கள். எதற்காகப் போட்டார்கள், எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் போட்டதை எடுக்க மறந்து மாதக்கணக்கில் ஓடுவது சகஜம்.

மாத்திரை சரியாகக் கொடுக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

மருந்து சார்ட்டைச் சாயங்காலம் 4 மணிக்குக் கேட்டு வாங்குங்கள். இரவு 8 மணி மாத்திரைக்கு அப்போதே கையெழுத்து விழுந்திருக்கிறதா? மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே வேகத்தில் டிக் அடித்திருக்கிறதா? அது உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிய சார்ட். "வாந்தி, கொடுக்கவில்லை", "தூங்கினார், 9.15க்குக் கொடுத்தோம்" என்று அங்கங்கே அடித்தல் திருத்தலோடு இருக்கும் சார்ட்டைத்தான் நம்பலாம்.

அட்டையில் மீதியிருக்கும் மாத்திரையை எண்ணுங்கள். 30 வாங்கி 12 நாள் ஆகியிருந்தால் தினம் ஒன்று வீதம் 18 இருக்க வேண்டும்.

பொடித்துக் கொடுப்பதிலும் கண் வையுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர் என்று இருந்தால் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை. பொடித்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். பிரஷர் மாத்திரையில் இது நடந்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். குழாயில் கொடுப்பவர்களுக்கு மாற்று வடிவம் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் குப்பியில் திறந்த தேதி எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலான வகைகளுக்குத் திறந்த பிறகு 28 நாள்தான்.

அப்பா எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார். வயதுதான் காரணமா?

இருக்கலாம். ஆனால் வீட்டில் இருந்தவரை விழித்திருந்தவர், சேர்த்த இரண்டு வாரத்தில் கழுத்து சாய்ந்து, எச்சில் ஒழுக, கை கால் விறைத்து இருந்தால் புதிதாக என்ன மருந்து சேர்த்தார்கள் என்று பாருங்கள். இரவில் கத்துகிறார், எழுந்து நடக்கிறார் என்பதற்காகத் தூக்க மருந்தும் மனநோய் மருந்தும் கொடுத்துச் சாய்த்துவிடுவது ஆள் குறைவாக உள்ள இடங்களின் சுலப வழி. மறதி நோயாளிகளுக்கு இந்த வகை மனநோய் மருந்துகள் பக்கவாதத்துக்கும் மரணத்துக்குமான அபாயத்தைக் கூட்டுகின்றன. தேவைப்படும் சந்தர்ப்பம் உண்டு, ஆனால் எழுதிய டாக்டர் யார், என்ன காரணம், எப்போது குறைப்பார் என்பது தாளில் இருக்க வேண்டும்.

கட்டில் கம்பியில் துணியால் கையைக் கட்டுவதும் அப்படியே. மணிக்கட்டில் வரித்தழும்பு, நீலம் பாரித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கையைப் பிடித்துப் பேசுகிற சாக்கில் பார்த்துவிடலாம்.

மருந்துச் சீட்டு நீண்டுகொண்டே போனால் முதியோர் மருத்துவம் படித்த டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த, 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. எதை நிறுத்தலாம் என்று கேட்பதற்கென்றே போகலாம்.

மறதி நோய் உள்ளவருக்குத் தனியாக என்ன பார்க்க வேண்டும்?

வெளிக்கேட்டும் வாசலும் பாதுகாப்பா, அதே நேரம் உள்ளே நடக்க இடம் இருக்கிறதா என்பது. பூட்டிய அறை பாதுகாப்பு ஆகாது. சாயங்காலம் 5 மணிக்கு மேல் பலருக்குப் பதற்றம் கூடும், "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் ஹாலில் ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

மொழி முக்கியம். அசாம், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் இங்கே பல இல்லங்களில் வேலை செய்கிறார்கள். பலர் பொறுமையாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் மறதி நோயாளிக்கு மிஞ்சுவது தாய்மொழிதான். 'தண்ணி', 'வலிக்குது', 'ஒண்ணுக்கு', 'குளிருது' இதெல்லாம் கேர்டேக்கருக்குப் புரிகிறதா என்று ஜாடையாகச் சோதியுங்கள். ஒரு ஷிஃப்டுக்கு ஒருவராவது தமிழ் பேசுபவர் வேண்டும்.

விழுந்துவிட்டால் என்ன செய்கிறார்கள் என்று எப்படிக் கேட்பது?

"இங்கே யாரும் விழுந்ததே இல்லை" என்றால் நம்பாதீர்கள். பெரியவர்கள் 20 பேர் இருக்கும் இடத்தில் விழாமல் இருக்காது. "கடைசியாக விழுந்தவரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். தேதி, நேரம், எங்கே, யார் பார்த்தது, குடும்பத்துக்கு எப்போது போன் செய்தது என்று எழுதிய ரிஜிஸ்டர் இருந்தால் நல்ல இடம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் சிடி ஸ்கேன் தேவையா என்று கேட்டாக வேண்டும். மூளைக்கும் எலும்புக்கும் நடுவே மெதுவாகச் சேரும் ரத்தம் வாரங்கள் கழித்தும் வேலையைக் காட்டும்.

பாத்ரூமுக்குள் போய்ப் பாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் சுவரில் பதித்த கைப்பிடி (டவல் ராடு கைப்பிடி ஆகாது, பிடுங்கிக்கொண்டு வரும்), ஈரத்தில் வழுக்காத தரை, உள்ளே விழுந்தாலும் வெளியிலிருந்து திறக்கும் கதவு, இரவு விளக்கு. அழைப்பு மணியை அழுத்திவிட்டு வாட்சைப் பாருங்கள். 3 நிமிடத்துக்குள் யாராவது வர வேண்டும்.

மழைக்காலத்தில்?

சென்னையில் இதைக் கேட்காமல் இடம் பார்க்கக் கூடாது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் நின்றது. தெருவில் பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் எவ்வளவு உயரம் என்று கை வைத்தே காட்டுவார். எழ முடியாதவர்கள் தரைத்தளத்தில் என்றால், தண்ணீர் ஏறினால் மாடிக்கு எப்படித் தூக்குவார்கள்? ஸ்ட்ரெச்சர் திரும்பும் அகலம் மாடிப்படியில் இருக்கிறதா? ஜெனரேட்டர் தரையில் இருந்தால் முதலில் மூழ்குவது அதுதான். கரண்ட் போனால் ஏர் பெட் பம்பும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரும் நிற்கும். நிரம்பிய சிலிண்டர் ஒன்று கைவசம் உண்டா? ஒரு வார மருந்து, டயாபர், கேன் தண்ணீர் இருப்பில் வைப்பார்களா?

எந்தப் பதிவுகள் இருக்க வேண்டும்?

மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பதிவு. இல்லம் எந்த மாவட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்: தாம்பரம், கேளம்பாக்கம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம், சென்னை அலுவலகத்தில் விசாரித்துப் பயனில்லை. ட்ரிப்ஸ், ஆக்ஸிஜன், புண்ணுக்கு டிரஸ்ஸிங் என்று மருத்துவம் நடந்தால், 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு உண்டா என்றும் கேளுங்கள். சமையலறைக்கு 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண். தீயணைப்புக் கருவியில் காலாவதித் தேதி. சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தாலும் முகவரி அதே கட்டடம்தானா, காலம் முடிந்துவிட்டதா என்று படியுங்கள். ஒரு கிளைக்கு வாங்கியதை நகல் எடுத்து நாலு கிளையில் மாட்டுவதுண்டு.

கட்டணத்தில் எங்கே இடறுவோம்?

"எல்லாம் சேர்த்து" என்று சொன்ன தொகையில் எது சேரவில்லை என்று எழுதி வாங்குங்கள்: டயாபர், அண்டர்பேட், பிசியோ, டாக்டர் விசிட், புண் டிரஸ்ஸிங், ஆக்ஸிஜன், ஏர் பெட் வாடகை, ஆஸ்பத்திரிக்குப் போனால் கூட இருக்கும் அட்டெண்டர். படுத்த படுக்கையானால் கட்டணம் எவ்வளவு ஏறும்? ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணமா? அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், எதைக் கழிப்பார்கள்? இறப்பு நேர்ந்தால் சான்றிதழ் கொடுக்கும் டாக்டர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், அந்த நேரத்தில் டாக்டரைத் தேடி அலைவது கொடுமை.

வீட்டையோ டெபாசிட்டையோ இல்லத்தின் பெயருக்கு எழுதித் தந்து 'ஆயுள் முழுக்கப் பராமரிப்பு' என்ற ஏற்பாட்டுக்கு வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பராமரிப்பதாக நிபந்தனை எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவு வழி தருகிறது. நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால் வழக்கு வலுவாக நிற்கும்.

நாங்கள் வெளிநாட்டில். எப்படிக் கண்காணிப்பது?

வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்த்து வைத்துவிடாதீர்கள். கேமராவைப் பாதத்துக்கு, குதிகாலுக்கு, கை நகத்துக்கு, பக்கத்து மேஜையிலிருக்கும் தண்ணீர் டம்ளருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கால் செய்யும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். மாதம் ஒருமுறை எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்து சார்ட் போட்டோ வாட்ஸ்அப்பில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சென்னையில் இருக்கும் சித்தப்பா பையனோ பழைய பக்கத்து வீட்டு மாமியோ வாரம் ஒருமுறை சொல்லாமல் போய்வருவது எந்த சிசிடிவியையும்விட மேல். மூக்குக் கண்ணாடி துடைத்திருக்கிறதா, காது மிஷினில் பேட்டரி இருக்கிறதா, பல் செட் வாயில் இருக்கிறதா என்பதை மட்டும் அவர்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் மற்றதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

குறை சொன்னால் கோபத்தை அம்மாவிடம் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். அதனால் கேர்டேக்கரைத் திட்டாதீர்கள்; சம்பளம் குறைவு, வேலை அதிகம், கோபம் கட்டிலில் இருப்பவர் மேல் இறங்கலாம். இன்சார்ஜிடம் பொதுவாகப் புகார் சொல்லாமல், நடந்ததைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "செவ்வாய் மதியம் 3 மணிக்கு வந்தேன், காலை 9 மணி டயாபரே இருந்தது." பிறகு அதையே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்புங்கள், தேதியோடு போட்டோவும். ஒரு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும்.

தெரியவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலர், அல்லது முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய சேவை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. அடித்த தடயம் இருந்தால் இந்த வரிசை எதுவும் வேண்டாம்: போட்டோ எடுத்து, ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு செய்து, நேராகப் போலீஸ்.

வேறு இல்லத்துக்கு மாற்றுவது எப்போது?

மூன்றாம் கட்டப் புண்ணை நீங்கள் கண்டுபிடித்தால்; காரணம் எழுதாமல் கட்டி வைத்திருந்தால்; விழுந்ததை மறைத்திருந்தால். இந்த மூன்றுக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. சாம்பாரில் உப்பு அதிகம், புடவை மாறிப்போனது போன்றவற்றுக்கு மாற்றாதீர்கள். புது இடம், புது முகம் என்பதே மறதி நோயாளியைப் பல வாரம் உலுக்கிவிடும்.

மாற்றும்போது மருந்துப் பட்டியல், கடைசியாக எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்ற குறிப்பு, கதீட்டரும் ரைல்ஸ் டியூபும் போட்ட தேதி, கடைசி எடை, எல்லா ஸ்கேனும் கையில் இருக்கட்டும். கிளம்பும் முன் முதுகையும் குதிகாலையும் போட்டோ எடுங்கள்; புது இடத்தில் இறக்கியதும், அங்குள்ள நர்ஸ் முன்னிலையில் இன்னொரு முறை எடுங்கள். கட்டிலில் அவர் தலையணையும் வீட்டுப் போர்வையும் போட்டுவிட்டு, முதல் இரண்டு ராத்திரியாவது யாராவது ஒருவர் கூடவே தங்க அனுமதி கேளுங்கள். எழுதப்படாத விஷயங்கள் அப்போதுதான் கைமாறும்: எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார், காபியில் சர்க்கரை எவ்வளவு, வலித்தால் வாயைத் திறந்து சொல்வாரா முகத்தைச் சுளிப்பாரா.